கோப்பு கிடக்கா, இல்லையா? செயலி எழுதப் பழகுகிறவர்களுக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை செய்பவர்களுக்கு ஒரு சின்னச் செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சிறுபோகத்துக்கு உன்னிச்சைக் குளத்து நீர் எந்த வட்டைக்கு (வயல்வெளிக்கு) எந்த நாளில் வரும் என்ற அட்டவணையைப் பிடிஎப் கோப்பாக இறக்கிப் போனில் வைத்திருக்க வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். ஊருக்குள் இருக்கும்போது டேட்டா கிடைக்கும். வட்டைக்குள் இறங்கினால் சிக்னல் ஒரு கோடு வரும், அடுத்த நிமிடம் அதுவும் போய்விடும். ஆகவே செயலி திறந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அட்டவணை ஏற்கெனவே போனில் இருக்கிறதா? இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் இறக்கு.

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் முதன்முதலாகச் செயலி எழுதும்போது இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். எல்லா மொழியிலும் இது ஒரு வரி வேலைதானே. ஜாவாவிலும் கொட்லினிலும் 'பைல்' வகுப்பில் 'எக்ஸிஸ்ட்ஸ்' என்று ஒரு செயற்கூறு உண்டு. ஐபோனுக்கு ஸ்விப்டில் எழுதினால் 'பைல் மனேஜர்' என்பதிடம் 'பைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று கேட்கலாம். பிளட்டர் எழுதுகிறவர்களுக்கு டார்ட் மொழியிலும் அதே பெயர். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். நடப்பைத் தமிழில் எழுதினால் இப்படி:

பாதை = செயலியின் சொந்தக் கோப்புறை + "அட்டவணை.பிடிஎப்"
பாதையில் கோப்பு இருந்தால்: திறந்து காட்டு
இல்லாவிட்டால்: இறக்கு

அப்புறம் ஏன் இதற்கென்று ஒரு கட்டுரை? "சேர், போன்ல பைல் கிடக்கு, ஆனா செயலி இல்லையெண்டு சொல்லுது" என்ற முறைப்பாடு படிப்பிக்கிறவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. நேரெதிரான முறைப்பாடும் வரும்: இருக்கிறது என்று பதில் வந்தது, திறக்கப் போனதும் செயலி விழுந்துவிட்டது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அட்டவணையை விவசாயிக்குக் காட்ட முடியுமா என்று கேட்டதாக நாம் நினைக்கிறோம். எக்ஸிஸ்ட்ஸ் பதில் சொல்வது அதைவிடச் சின்னக் கேள்விக்கு: இந்தப் பாதையில், இந்தக் கணத்தில், இந்தச் செயலியின் கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா?

பாதை வேறு, கோப்பு வேறு

ஜாவாவில் ஒரு பாதையைக் கொடுத்து 'பைல்' பொருள் ஒன்றை உருவாக்கினால் கோப்பு உருவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வரி சேமிப்பகத்தைத் தொடுவதே இல்லை. கடித உறையில் விலாசம் எழுதுவது போன்றது அது. கல்லடியில் இல்லாத ஒரு வீட்டு இலக்கத்தை எழுதினாலும் பேனை மறுக்காது. அந்த விலாசத்தில் வீடு இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது எக்ஸிஸ்ட்ஸின் வேலை.

போய்ப் பார்த்தாலும் அது கண்டது கோப்புத்தான் என்று நிச்சயமில்லை. ஜாவாவில் அந்தப் பாதையில் அதே பெயரில் ஒரு கோப்புறை இருந்தாலும் 'ஆம்' என்றுதான் பதில் வரும். கோப்புத்தானா என்று தெரிய வேண்டுமானால் 'இஸ் பைல்' என்ற செயற்கூறைக் கேட்க வேண்டும். பழகுகிறவர்கள் இதை முதல் நாளிலேயே கைப்பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

எங்கே வைத்தோம் என்பதில்தான் பாதி வழக்கு

அண்ட்ரொய்டில் ஒவ்வொரு செயலிக்கும் சொந்தமாக ஒரு கோப்புறை இருக்கிறது. 'கெட் பைல்ஸ் டிர்' என்று கேட்டால் அதன் பாதை கிடைக்கும். அங்கே எழுதவும் வாசிக்கவும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, வேறு செயலிகள் உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது. செயலியை நீக்கினால் அந்தக் கோப்புறையும் சேர்ந்து போய்விடும். நமது அட்டவணைக்கு ஏற்ற இடம் இதுதான்.

பக்கத்திலேயே 'கெட் கேஷ் டிர்' தரும் தற்காலிகக் கோப்புறை ஒன்று உண்டு. போனில் இடம் குறைந்தால் இயங்குதளம் அங்கிருப்பதை நம்மைக் கேட்காமலே அழித்துவிடலாம். விவசாயி நேற்றுப் பார்த்த அட்டவணை இன்றைக்கு இல்லை என்றால், பெரும்பாலும் யாரோ அதைக் கேஷ் கோப்புறையில் வைத்திருக்கிறார்கள். படங்களின் சிறு பிரதிகளை அங்கே போடுங்கள், அட்டவணையைப் போடாதீர்கள்.

தொல்லை அதிகம் வருவது பொதுச் சேமிப்பகத்தில், அதாவது எல்லாரும் பார்க்கிற டவுன்லோட்ஸ் கோப்புறையில். முன்பெல்லாம் ஒரு அனுமதியை வாங்கிவிட்டால் எந்தச் செயலியும் அங்கே எதையும் வாசிக்கலாம். 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10 அந்தப் பழக்கத்துக்கு வேலி போடத் தொடங்கியது. 2020இல் அண்ட்ரொய்ட் 11 வந்ததும் வேலி இறுகியது. இன்னொரு செயலி அங்கே வைத்த பிடிஎப்பை நமது செயலி தன் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. அதைப் பற்றி எக்ஸிஸ்ட்ஸிடம் கேட்டால் போனைப் பொறுத்துப் பதில் மாறும்: கோப்பு இருந்தும் 'இல்லை' என்று வரலாம், அல்லது 'ஆம்' என்று சொல்லிவிட்டுத் திறக்கும்போது அனுமதி மறுக்கலாம். பயனர் தன் கண்ணால் கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்க, செயலி இல்லையென்று சாதிப்பது இப்படித்தான்.

வட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அட்டவணையோ அறிவித்தலோ நீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்ட விதானையின் குழுவில் வந்து விழுவதுதான் வழக்கம். அதை நமது செயலியில் திறக்க வைப்போம் என்று வட்ஸ்அப் கோப்புறையின் பாதையைச் செயலிக்குள் கையால் எழுதி வைப்பவர்கள் உண்டு. அண்ட்ரொய்ட் 11க்குப் பிறகு வட்ஸ்அப் தன் கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டது. பழைய பாதையில் எத்தனை தரம் கேட்டாலும் புதிய கோப்பு அங்கே இருக்கப்போவதில்லை. பயனரே கோப்பைத் தேர்ந்தெடுத்துத் தரட்டும் என்று விடுவதுதான் சரியான வழி.

அப்படித் தேர்ந்தெடுத்தால் நம் கைக்கு வருவது பாதை அல்ல, 'கன்டென்ட்' என்று தொடங்கும் ஒரு முகவரி. அதைப் பைல் வகுப்புக்குள் திணித்து எக்ஸிஸ்ட்ஸ் கேட்டால் எப்போதும் 'இல்லை' தான். 'கன்டென்ட் ரிசோல்வர்' வழியாகத் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் இருக்கிறது. அதே கோப்பை நாளைக்கும் திறக்க நினைத்தால் அந்த அனுமதியை நிலையாக வைத்துக்கொள்ளும்படி அப்போதே கேட்டுவிட வேண்டும். மறந்தால், போனை அணைத்துப் போட்ட பிறகு அந்த முகவரியால் பயனில்லை.

செயலியோடு சேர்த்தே கட்டி அனுப்பும் 'அசெட்ஸ்' கோப்புகளும் இந்த வகையே. அவை செயலிப் பொதிக்குள் இருப்பவை. சேமிப்பகத்தில் தனிக் கோப்புகளாக இருப்பதில்லை. அவற்றையும் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பெயரில் ஒளிந்திருக்கிற வித்தியாசம்

விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கோப்புப் பெயருக்குப் பொதுவாக இல்லை. அண்ட்ரொய்ட் செயலியின் சொந்தக் கோப்புறையில் அது உண்டு. ஐபோனிலும் உண்டு, ஆனால் மக் கணினியில் ஐபோன்போல நடிக்கும் சிமுலேட்டரில் வழக்கமாக இல்லை. அதனால்தான் மேசையில் ஓடிய செயலி கையில் ஓடாமல் போகிறது.

இது ஆங்கிலப் பெயர்க் கதை. தமிழில் பெயர் வைத்தால் இதைவிட நுணுக்கமான ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இதைத் தேடினால் சுலபத்தில் கிடைக்காது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வட்டை வாரியாக அட்டவணை வைக்கிறோம், ஒரு கோப்பின் பெயர் 'கொக்கட்டிச்சோலை' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க' வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாகப் போடலாம். அல்லது முன்னால் வரும் ஒற்றைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் போடலாம். 'சோ' வுக்கும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், யாராலும் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. உள்ளே எண்ணிப் பார்த்தால் முதல் வகையில் 'கொக்கட்டிச்சோலை' 15 குறியீடுகள், இரண்டாம் வகையில் 17. யூடிஎப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும். ஆக ஒன்று 45 பைட், மற்றது 51 பைட். அண்ட்ரொய்ட் செயலியின் சொந்தக் கோப்புறை இரண்டையும் வேறு வேறு பெயர்களாகவே வைத்துக்கொள்ளும். ஒருவிதமாக எழுதிச் சேமித்துவிட்டு மற்றவிதமாக எழுதிக் கேட்டால் 'இல்லை' என்பதுதான் பதில்.

இப்படி இரண்டு விதம் எங்கிருந்து வருகிறது? போன் விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒரே குறியீடாகத்தான் தரும். பழைய மக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்து வைத்தது; அங்கிருந்து பொதியாகக் கட்டி வந்த கோப்புகளில் பிரிந்த வடிவம் இருக்கலாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகளிலும் பிரிந்த வடிவத்தை விட்டுவைப்பவை இருக்கலாம். தீர்வு சுலபம்தான்: பெயரை எழுதும்போதும் கேட்கும்போதும் பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் 'என்எப்சி' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஜாவாவில் 'நோர்மலைசர்' என்ற வகுப்பு இதைச் செய்யும். ஆனாலும் அது எல்லாவற்றையும் காப்பாற்றாது. 'ஔவை' என்பதை 'ஒ' வும் 'ள' வும் சேர்த்து 'ஒளவை' என்று தட்டுகிறவர்கள் எத்தனை பேர்! அது உண்மையிலேயே வேறு எழுத்துகள். எந்த மாற்றியும் அதை ஒன்றாக்கித் தராது.

நீளமும் ஒரு பிரச்சினை. அண்ட்ரொய்ட் போன்களில் வழக்கமாக இருக்கும் கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். தமிழில் அது 85 குறியீடுகள். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், திணைக்களத்தின் பெயர், திட்டத்தின் பெயர், போகம், ஆண்டு என்று எல்லாவற்றையும் கோப்புப் பெயரில் வைத்தால் சீக்கிரம் நிரம்பிவிடும்.

என் பழக்கத்தைக் கேட்டால், சேமிப்பகத்தில் கோப்புக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட மொட்டைப் பெயர் போதும். அழகான தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில் இருக்கட்டும், பயனருக்கு அதைக் காட்டலாம். தமிழ்ப்பற்றுக்கு இதில் குறை ஒன்றும் இல்லை.

ஐபோனில் இரண்டு பொறிகள்

ஸ்விப்டில் கோப்பு இருக்கும் இடத்தை யூஆர்எல் ஆகவும் வைத்திருக்கலாம், வெறும் பாதையாகவும் வைத்திருக்கலாம். பைல் மனேஜரின் அந்தக் கேள்வி வெறும் பாதையைத்தான் எதிர்பார்க்கிறது. யூஆர்எல்லின் முழு எழுத்து வடிவத்தை அப்படியே கொடுத்தால் முன்னால் 'பைல்' என்றும் மூன்று சாய்கோடும் ஒட்டிக்கொண்டு வரும். பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் அது சதவீதக் குறியும் எண்ணுமாக மாறியிருக்கும். அப்படி ஒரு கோப்பு போனில் இருக்காது. 'பாத்' என்ற பண்பை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மற்றது, முழுப் பாதையைத் தரவுத்தளத்தில் எழுதி வைப்பது. ஐபோனில் செயலியின் கோப்புறைப் பாதைக்கு நடுவே ஒரு நீண்ட அடையாள எண் வரும். செயலியைப் புதுப்பிக்கும்போது அந்த எண் மாறலாம். கோப்பு பத்திரமாகப் புது இடத்துக்குப் போயிருக்கும், நமது தரவுத்தளமோ பழைய இடத்தையே காட்டும். கோப்பின் பெயரை மட்டும் சேமியுங்கள், கோப்புறையின் பாதையை ஒவ்வொரு முறையும் இயங்குதளத்திடம் கேட்டு ஒட்டுங்கள். அண்ட்ரொய்டிலும் இதே பழக்கம் நல்லது.

இருக்கிறது, ஆனால் பாதிதான்

இனி நமது அட்டவணைக்கு வருவோம். செங்கலடிச் சந்தியில் நிற்கும்போது இறக்கத் தொடங்குகிறது, பாதியில் விவசாயி படுவான்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிளைத் திருப்புகிறார், சிக்னல் அறுகிறது. கோப்பு ஏற்கெனவே உருவாகிவிட்டது, உள்ளே பாதிதான் இருக்கிறது. அடுத்த முறை திறந்ததும் எக்ஸிஸ்ட்ஸ் 'ஆம்' என்கிறது. செயலி பாதிப் பிடிஎப்பைத் திறக்கப் பார்த்துத் தோற்கிறது. இருக்கிறது என்ற பதில் வந்துவிட்டதால் மறுபடி இறக்கவும் மாட்டாது. நாள் முழுக்க இதே கூத்துத்தான், செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போடும்வரை.

கோப்பின் அளவு பூச்சியமா என்று பார்க்கச் சொல்லி ஆலோசனை வரும். பூச்சியக் கோப்பைப் பிடிக்கலாம், பாதிக் கோப்பைப் பிடிக்க முடியாது. சேவையகம் அனுப்பிய அளவோடு ஒப்பிடலாம், அது கொஞ்சம் மேல். எனக்குப் பிடித்த வழி வேறு. இறக்கும்போது 'அட்டவணை.பாதி' என்ற தற்காலிகப் பெயரில், அதே கோப்புறைக்குள் எழுதுங்கள். முழுவதும் வந்து, அளவும் சரியென்று கண்ட பிறகு, பெயரை 'அட்டவணை.பிடிஎப்' என்று மாற்றுங்கள். ஒரே கோப்புறைக்குள் பெயர் மாற்றுவது அண்ட்ரொய்டுக்கு அடியில் உள்ள லினக்ஸில் ஒரே வீச்சில் நடக்கும். பாதி மாறிய நிலை என்று ஒன்று இல்லை. அதன் பிறகு 'அட்டவணை.பிடிஎப்' இருக்கிறது என்றால் முழுவதும் இறங்கிவிட்டது என்று நம்பலாம். வெறும் எக்ஸிஸ்ட்ஸுக்கு இல்லாத அர்த்தத்தை நாமே கொடுத்துவிட்டோம்.

ஒரு சின்ன எச்சரிக்கை: ஜாவாவின் 'ரீநேம் டூ' தோற்றால் பிழை வீசாது, 'இல்லை' என்று பதில் தருவதோடு சரி. அந்தப் பதிலைப் பார்க்காமல் விட்டால் மாற்றம் நடந்ததா என்று தெரியாது.

கேட்பதைவிடத் திறந்து பார்ப்பது

'இருக்கிறதா' என்று கேட்பதும் 'திற' என்று சொல்வதும் இரண்டு வேறு நேரங்களில் நடக்கின்றன. நடுவே மில்லி விநாடிகள்தான். ஆனால் அதற்குள் இயங்குதளம் கேஷைத் துடைக்கலாம், செயலியின் இன்னொரு பகுதி பழைய அட்டவணையை அழிக்கலாம். சோதனையின்போது அநேகமாக நடக்காது; ஆயிரம் போன்களில் ஓடும்போது யாரோ ஒருவருக்கு நடக்கும். எக்ஸிஸ்ட்ஸ் கேட்டுவிட்டதால் பிழையைக் கையாளத் தேவையில்லை என்று நினைத்த செயலி அங்கே விழும்.

ஆகவே திறப்பதையே கேள்வியாக்கிவிடுங்கள்:

முயற்சி செய்: பாதையைத் திறந்து காட்டு
கோப்பு இல்லை என்ற பிழை வந்தால்: இறக்கு
வேறு பிழை வந்தால்: "அட்டவணையைத் திறக்க முடியவில்லை" என்று சொல்லு

ஐபோன் பக்கத்தில் அப்பிள் நிறுவனமே தன் ஆவணத்தில் இதைத்தான் பரிந்துரைக்கிறது: முன்கூட்டியே கேட்பதைவிடச் செய்து பார்த்துப் பிழையைக் கையாளுங்கள் என்று. ஜாவாவில் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். 'பைல் நொட் பவுண்ட்' என்ற பிழை, கோப்பு இருந்து அனுமதி இல்லாதபோதும் அதே பெயரில்தான் வரும். பிழைச் செய்தியின் கடைசியில் 'பெர்மிஷன் டினைட்' என்று இருந்தால் அனுமதிப் பிரச்சினை, 'நோ சச் பைல்' என்று இருந்தால் கோப்பு இல்லை. செய்தியைக் கடைசிச் சொல் வரை வாசியுங்கள்.

'இல்லாவிட்டால் உருவாக்கு' என்ற வேலைக்கும் இதே கதைதான். கேட்டுவிட்டு உருவாக்காமல், 'கிரியேட் நியூ பைல்' என்பதை நேரே அழையுங்கள். இரண்டையும் ஒரே வீச்சில் செய்து, ஏற்கெனவே இருந்தால் 'இல்லை' என்று பதில் தரும்.

அப்படியென்றால் எக்ஸிஸ்ட்ஸ் எதற்கு? திரையில் 'இறக்கு' பொத்தானைக் காட்டுவதா, 'திற' பொத்தானைக் காட்டுவதா என்று முடிவு செய்ய அது தாராளமாகப் போதும். பதில் தவறினாலும் பொத்தான்தானே தவறும். நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் திரையை வரைகிற அதே இழையில் (திரெட்) கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், திரை திக்கும்.

காத்திருக்க மறந்தால்

ஜாவாஸ்கிரிப்டில் போன் செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில், பல கோப்பு நூலகங்களின் இந்தக் கேள்வி உடனே பதில் தராது. பிறகு தருகிறேன் என்று ஒரு 'பிரொமிஸ்' பொருளைத் தரும். பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' போட மறந்துவிட்டு அந்தப் பொருளையே நிபந்தனைக்குள் வைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை எப்போதும் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். கோப்பு இருந்தாலும் ஆம், இல்லாவிட்டாலும் ஆம். டார்ட் மொழி இந்த இடத்தில் கறார். செயலியைக் கட்டும்போதே பிழை காட்டிவிடும். டார்ட்டில் உடனே பதில் வேண்டுமானால் 'எக்ஸிஸ்ட்ஸ் சிங்க்' இருக்கிறது.

கடைசியில், எதுவும் சரிவராதபோது என்ன செய்வது? முதலில் முழுப் பாதையை லொக்கில், அதாவது செயலி ஓடும்போது எழுதும் பதிவில், அச்சடியுங்கள். மனதில் இருந்த பாதையும் உண்மையான பாதையும் வேறு என்று தெரிவது அடிக்கடி நடக்கும். பிறகு அந்தக் கோப்பைக் கேட்காமல் அது இருக்க வேண்டிய கோப்புறையிலுள்ள எல்லாப் பெயர்களையும் பட்டியலிட்டு அச்சடியுங்கள், ஒவ்வொன்றின் நீளத்தோடும். பெயர் கண்ணுக்குச் சரியாக இருந்து நீளம் மட்டும் இரண்டு கூடியிருந்தால் கொக்கட்டிச்சோலைக் கதைதான். கோப்புறையே இல்லையென்றால் ஒரு படி மேலே போய்ப் பட்டியலிடுங்கள். அண்ட்ரொய்ட் ஸ்டுடியோவில் உள்ள 'டிவைஸ் எக்ஸ்புளோரர்' வழியாக, சோதனைக்காகக் கட்டிய செயலியின் சொந்தக் கோப்புறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்புறம் இறக்கிக்கொண்டிருக்கும்போதே டேட்டாவை அணைத்து, செயலியை மூடி, திரும்பத் திறந்து பாருங்கள்.